மேல ஹால், கீழ ஹால்

சென்னையில் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிற எவனுக்கும் உடனே வேலை கொடுக்கக் கூடாது. ஆறு மாதமாவது சும்மா போட்டு ஆறவிட வேண்டும். அவன் வாயிலிருந்து 'ப்ரோ' என்கிற சொல் தானாக உதிர்ந்து, காலையில் எழுந்ததும் மலையில் மேகம் நிற்கிறதா என்று பார்க்கிற பழக்கம் திரும்பி வந்த பிறகு, யோசித்து ஏதாவது கொடுக்கலாம். என் விஷயத்தில் ராஜபாளையத்துக்காரர்கள் இந்த முன்ஜாக்கிரதையைக் கடைப்பிடிக்கவில்லை. வந்த மாதமே ஒரு முழுக் கட்டடத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதன் பலனை நான் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது.

சென்னையில் நான் பார்த்தது ஆடியோ கம்பெனி வேலை. (கேபிள் சுருட்டுகிற வேலை என்றும் சொல்லலாம். வீட்டில் அப்படிச் சொல்லவில்லை.) ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக, 'எட்வின், ஆடியோ கன்சல்டன்ட்' என்று விசிட்டிங் கார்டு அடித்தேன். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கன்சல்டன்டுன்னா காது டாக்டராலே?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் அவரை இரக்கத்தோடு பார்த்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போது என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டில் ஒரு புது ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் மலையைப் பார்த்த பக்கம் பார், மறுபக்கம் ஃபேமிலி ரெஸ்டாரண்ட். இரண்டுக்கும் தனித்தனி வாசல். பாருக்கு நேர் மேலே, முதல் மாடியில், விசேஷங்களுக்கு ஒரு ஹால். பாரில் குத்துப்பாட்டு, ரெஸ்டாரண்டில் மெல்லிசாகப் புல்லாங்குழல், மாடியில் மைக் என்று மூன்று இடத்துக்கும் மூன்று விதமான சத்தம் வேண்டும். ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து போன்ற அறையில் இருக்கும்.

"இதுக்குப் பேரு மல்டி ஸோன் சார்" என்றேன் முதலாளியிடம்.

முதலாளி வீட்டில் தெலுங்கு, தொழிலில் தமிழ். "பாட்டு கேக்கணும், அம்புட்டுதான தம்பி? அதுக்கு எதுக்கு ஸோனு?" என்றார்.

"ஒரு எடத்துச் சத்தம் இன்னொரு எடத்துக்குப் போகாது சார். அதான் ஸோன்."

அப்படித்தான் சொன்னேன். முகத்தைக் கூட மாற்றிக்கொள்ளாமல் சொன்னேன்.

பாருக்கு மட்டும் இரண்டு சப் ஊஃபர். பாட்டின் அடிச்சத்தத்துக்கென்றே உள்ள பெட்டி அது. காதால் கேட்பதைவிட வயிற்றால் கேட்பதுதான் அதிகம். பெட்டிகளைத் தளவாய்புரத்து ஆசாரி ஒருவரிடம் சொல்லிச் செய்தேன். உள்ளே வைக்கிற நுரைத் தகடு கிடைக்கவில்லை என்று பேண்டேஜ் கம்பெனியில் வேலை செய்கிற சிநேகிதன் கொடுத்த மருத்துவப் பஞ்சை அடைத்தேன். தரையில் வைத்தால் இரண்டு டேபிள் இடம் போய்விடும் என்று முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. இரும்புச் சட்டம் அடித்து இரண்டையும் சீலிங்கை ஒட்டி மாட்டினேன். அந்த சீலிங்தான் மாடி ஹாலுக்குத் தரை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மேலே அதிரும் என்று தோன்றவில்லை.

வயர் இழுத்தது மம்சாபுரத்து செல்லப்பாண்டி அண்ணன். நாற்பது வயது, வீட்டில் நிலம் நீச்சு உண்டு, எலக்ட்ரீசியன் வேலை உபரிக்கு. யார் எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரியும்" என்று முடிக்கிற ஆள். நானும் அதே ரகம். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஒரே ஒற்றுமை அதுதான், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இந்த நேரத்தில் என் தங்கை மெர்சிக்கு இடம் கூடி வந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் கூடி வந்து கடைசி நேரத்தில் கலைந்திருந்தது. இரண்டாவது தடவை அவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இந்த மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, துணி மடிக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட ஆரம்பித்தாள். வீட்டில் எல்லோரும் அதைக் கேட்டோம், கேட்காதது மாதிரி நடந்துகொண்டோம். இதுவும் கலைந்துவிடக் கூடாது என்று அம்மா தனியாக உபவாசம் இருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரே சார் என்று கூப்பிடும். பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்: "எங்க குடும்பத்துல குடிங்கிற பேச்சே கிடையாது. பொண்ணு எடுக்கிற எடத்துலயும் இருக்கப்படாது. வேற ஒரு கண்டிஷனும் எங்களுக்கு இல்ல." அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி ஞானதுரை, மிலிட்டரியில் இருந்து வந்தவர், அண்ணன் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினார். அந்த அறையிலேயே அதிகமாகத் தலையாட்டியவர் அவர்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு இடம் தேடும்போது முதலாளி, "நம்ம மாடி ஹால்ல வச்சுக்கோ. மொத விசேஷம் நம்ம ஆளு விசேஷமா இருக்கட்டும்" என்றார். என் கை வண்ணத்தில் உருவான ஹாலில் என் தங்கையின் நிச்சயம். சம்பந்தக்காரர்கள் முன்னால் நான் மிக்ஸர் முன் உட்கார்ந்திருப்பேன், கழுத்தில் ஹெட்போன் கிடக்கும். ஆசை கண்ணை மறைத்தது. வீட்டில், "ஹோட்டல் மாடி" என்று சொன்னேன். பொய் இல்லை. விசேஷமெல்லாம் முடிந்து சாயங்காலம்தான் பார் திறப்பு, வாசலும் வேறு பக்கம், போர்டைத் துணி போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

நிச்சயத்தன்று காலையில் போனால் பார் வாசலில் வாழை கட்டியிருக்கிறது. ஜோசியர் சாயங்காலம் நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். உச்சிக்கு முன்னால் திறந்துவிட வேண்டுமாம். சரி, ஸோன் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். பாரின் சத்தம் பாரோடு நின்றுவிடும்.

ஆம்ப்ளிஃபயரில் வயர் மாட்டுகிற வேலை மட்டும் பாக்கி. செல்லப்பாண்டி அண்ணன் தோட்டத்து மோட்டார் ஓடவில்லை என்று ஊருக்குப் போய்விட்டார். போன் போட்டேன்.

"அண்ணே, எந்த வயரு எதுன்னு சொல்லுங்க."

"செவப்பு டேப்பு மேல ஹாலு. நீல டேப்பு கீழ ஹாலு. டேப்பு இல்லாதது மிச்சம் உள்ள எடம். இதுல என்னலே கொழப்பம்?"

ஒரு குழப்பமும் இல்லை. சிவப்பில் மாடி ஹாலின் மைக்கைக் கொடுத்தேன். நீலத்தில் கீழே இருக்கிற பாரின் குத்துப்பாட்டைக் கொடுத்தேன். மிச்சம் ரெஸ்டாரண்ட், அதில் புல்லாங்குழல். சப் ஊஃபர் வயர் நானே இழுத்தது, அதில் சந்தேகமே கிடையாது. பிறகு சோதனை. ஒரே பாட்டை மூன்றுக்கும் போட்டுவிட்டு மூன்று இடத்துக்கும் ஓடிப் போய்க் கேட்டேன். மூன்றிலும் பாடியது. (ஒரே பாட்டைப் போட்டால் எது எங்கே பாடுகிறது என்று எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் கன்சல்டன்ட் இல்லை, அதனால் கேட்கிறீர்கள்.)

என்ன நடந்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது அப்போது தெரியாது. மாடி மைக் பாருக்குப் போயிருந்தது. பாரின் குத்துப்பாட்டு ரெஸ்டாரண்டுக்குப் போயிருந்தது. ரெஸ்டாரண்டின் புல்லாங்குழல் மாடிக்கு வந்திருந்தது. சப் ஊஃபர் மட்டும், நான் மாட்டியதால், சரியாகப் பாரிலேயே இருந்து குத்துப்பாட்டின் அடியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். ரெஸ்டாரண்ட் வாசல் வழியாக மாடிக்கு ஏற்றினேன். ஹாலில் நுழைந்ததும் புல்லாங்குழல். மாப்பிள்ளையின் அம்மா, "குழலு யாரு ஏற்பாடு? மனசுக்கு எதமா இருக்கு" என்றார். நான் குழம்பினாலும் பாராட்டை வாங்கிக்கொண்டேன். எல்லோரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் ஞானதுரையைக் காணவில்லை. "வேன்லதான வந்தாவ? எங்க போனாவ?" என்று தேடினார்கள். பூ வாங்கப் போயிருப்பார் என்று யாரோ சொன்னார்கள்.

அவர்கள் சபையின் போதகர் மைக்கை வாங்கி, "அன்பானவர்களே" என்றார். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. நான் மிக்ஸரில் கொஞ்சம் ஏற்றினேன். வரவில்லை. இன்னும் ஏற்றினேன். சின்ன ஹால், போதகருக்கு நல்ல குரல், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. எனக்குத்தான் மானம் போனது. கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

கீழே பாரில் அதே நேரம் மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டிருந்திருக்கிறார். அடி மட்டும் டம் டம் என்று விழுகிறது, பாட்டைக் காணோம். லேப்டாப்பில் சத்தத்தை ஏற்றினார். அடி கூடியது, பாட்டு வரவில்லை. அவரும் கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டார். ரெஸ்டாரண்டில், தோசைக்குக் காத்திருந்த குடும்பங்களின் தலையில் அந்தப் பாட்டு முழுவதும் இறங்கியது. ஒரு குழந்தை வீறிட்டு அழ, இரண்டு குழந்தைகள் டேபிள் மேல் ஏறி ஆடினவாம்.

மாடியில் தரை அதிர ஆரம்பித்தது. வரிசையாக வைத்திருந்த ஜூஸ் தம்ளர்கள் டேபிளில் மெல்ல நகர்ந்து விளிம்பை நோக்கிப் போயின. அம்மா ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளினாள். "என்னப்பா, ரோட்டுல லாரி போகுதா?" என்றார் சார். "ஆமா சார், கரும்பு லாரி" என்றேன். (இவ்வளவு தாளக்கட்டோடு போகிற கரும்பு லாரியை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.)

போதகர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். இரண்டு குடும்பத்தையும் ஒவ்வொரு பேராகச் சொல்லி ஆசீர்வாதம் கேட்கிறவர் அவர். ஞானதுரை பேர் வந்ததும் குரலை உயர்த்தினார்.

"பிதாவே! இந்த நல்ல வேளையிலே இங்கே வந்து சேராமல் எங்கேயோ தங்கிவிட்ட ஞானதுரையை நீர் அறிவீர். அவர் இருக்கிற இடம் உம்முடைய கண்களுக்கு மறைவல்லவே! ஞானதுரையே, எழுந்து வா என்று நீரே அழைத்தருளும்!"

பூ வாங்கப் போகாத ஞானதுரை அப்போது பாரில், மலையைப் பார்த்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். வேனை விட்டு இறங்கியதும் வாழை கட்டிய வாசல் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சம்பந்தி வீட்டுச் சந்தோஷத்துக்கு ஒன்றே ஒன்று என்று போயிருக்கிறார். முதல் கிளாஸ் பாதி இறங்கியிருக்கும். தலைக்கு மேலே நான்கு மூலையிலிருந்தும், அதுவரை டம் டமில் அமுங்கி ஒரு சொல்லும் புரியாமல் கிடந்த ஒரு குரல், இடி முழக்கத்தோடு, அவர் பெயரைச் சொல்லி, அவர் இருக்கிற இடம் மறைவல்ல என்கிறது. எழுந்து வா என்கிறது.

நடந்ததைப் பிறகு அங்கிருந்த சப்ளையர் சொன்னார். "அவரு அட்டென்ஷன்ல எந்திரிச்சு நின்னுட்டாருண்ணே. கிளாஸ் கையிலருந்து விழுந்து ஒடஞ்சது. செருப்பக் கழத்தி வச்சிட்டு ஓடுனாரு. பக்கத்து டேபிள்ல நாலு பேரும் எந்திரிச்சுக் கும்பிட்டாங்க. நானும் ட்ரேயக் கீழ வச்சிட்டுக் கும்பிட்டேன்."

போதகர் ஆமென் சொல்லவும் ஞானதுரை ஹாலுக்குள் வந்து விழவும் சரியாக இருந்தது. அவருக்கு முன்னால் வாசனை வந்தது. "அண்ணே, பாவி நான் குடிக்கேண்ணே! ரிட்டயர் ஆனதுலருந்து குடிக்கேன். ஒங்களுக்குத் தெரியாமக் குடிக்கேன். இன்னைக்கும் கீழ பார்ல குடிச்சேன். ஆண்டவர் பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டாரு!" என்று சாரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பின்னாலேயே ரெஸ்டாரண்டில் இருந்து இரண்டு குடும்பத் தலைவர்கள் பாட்டை நிறுத்தச் சொல்லி ஏறி வந்தார்கள். அவர்கள் பின்னால் முதலாளி. அவருக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். "ஏமிரா இதி?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் படிக்கட்டுக்கு அடியில் ஓடினேன். அங்கிருந்து போன் போட்டேன்.

"அண்ணே, செவப்பு மேல ஹாலுன்னுதான சொன்னீங்க?"

"ஆமா. மேல ஹாலுதான்."

"அது பார்ல கேக்குதுண்ணே!"

"பார்தானலே மேல ஹாலு?"

"பாரு கீழ இருக்குண்ணே!"

"கீழ இருக்கது ரெஸ்டாரண்டுலே, கூறுகெட்டவனே! பொழுது எந்தப் பக்கம் அடையுது? மலப் பக்கம். மேக்க இருக்கது மேல ஹாலு, கெழக்க இருக்கது கீழ ஹாலு. மாடின்னா மாடின்னுல்லா சொல்லுவேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஏலே, ஸ்ரீவில்லிபுத்தூர் மேல ரத வீதி என்ன மாடியிலயா இருக்கு?"

எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கிற வீட்டை நான் பிறந்ததிலிருந்து மேல வீடு என்றுதான் சொல்கிறேன். அது ஓட்டு வீடு, மாடியே கிடையாது. அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போய் மோர் வாங்கி வந்தவன் நான். சில வருடச் சென்னை வாசம் அதைத் துடைத்துவிட்டது. சரி என்று வயர்களை மாற்றி மாட்டினேன். குத்துப்பாட்டு பாருக்குப் போனது, புல்லாங்குழல் ரெஸ்டாரண்டுக்குப் போனது. சப் ஊஃபரைப் பிடுங்கியே போட்டேன்.

மாடிக்கு ஏறியபோது சார் எழுந்து நின்றிருந்தார். "தம்பி, கீழ பார் இருக்கது ஒனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்."

"எங்க கண்டிஷனும் தெரியும்."

"தெரியும் சார்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மா ஒரு தம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மூன்றாவது இடமும் போயிற்று, இந்தத் தடவை என்னால் போயிற்று. மெர்சி துணி மடித்துக்கொண்டு பாடியது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

மெர்சி எழுந்தாள். மணப்பெண் பேசக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை போல.

"மாமா, எங்க அண்ணன் பார் இருக்கத மறச்சது தப்புதான். அவன அப்புறம் நான் பாத்துக்கிடுதேன். ஒங்க வீட்டுல மறஞ்சு இருந்தது இந்தா அழுதுக்கிட்டு நிக்கி. ரெண்டு வீட்டுலயும் இனிமே மறைக்கதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. எனக்கு ஒங்க மவனப் பிடிச்சிருக்கு. பூ வைக்கதா இருந்தா வைங்க. இல்லன்னா கெளம்புதோம்னு சொல்லுங்க. எம்புட்டு நேரம் நான் இப்பிடியே நிக்க?"

அவள் பக்கத்தில் நின்ற போதகர் மைக்கை அணைக்காமல் கையில் வைத்திருந்தார். வயரை மாற்றி மாட்டியிருந்ததால், மெர்சி பேசியது ஒரு சொல் விடாமல் ஹால் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது. அன்று நான் செய்த வேலையில் ஒழுங்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

முதலில் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டை எடுத்துக்கொண்டு புருஷனைக் கேட்காமலே நடந்தார். சார் தம்பியைத் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "வைம்மா" என்றார். அதற்குள் மனைவி பூவை வைத்து முடித்திருந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. முதலாளி வேறு ஆளை வைத்துக்கொண்டார். நான் கார்டுகளை எரித்துவிட்டு, சாதாரணமாக மைக் செட் போட ஆரம்பித்தேன். 'எட்வின் சவுண்ட் சர்வீஸ்' என்று பெயர். அதில் கன்சல்டன்ட் இல்லை.

ஞானதுரை மாமா அன்றோடு குடியை விட்டுவிட்டார். வருடா வருடம் அவர்கள் சபையின் அசனப் பண்டிகையில், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், எழுந்து, ஆண்டவர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கதையைச் சாட்சியாகச் சொல்வார். அந்தப் பண்டிகைக்கு மைக் செட் நான்தான். சம்பந்தி வீட்டு மைக் செட்டுக்கு வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? வருடத்துக்கு வருடம் இடி முழக்கம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. போன வருடம் மின்னலும் சேர்ந்தது.

ஒரு தடவை மனது கேட்காமல் அவரைத் தனியாக உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். மேல ஹால், கீழ ஹால், சிவப்பு டேப், நீல டேப் எல்லாவற்றையும் தரையில் குச்சியால் படம் போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி தம்பி. அந்த வயர ஒன்னய மாத்தி மாட்ட வச்சது யாரு?" என்றார்.

நான் குச்சியைக் கீழே போட்டேன்.

அந்த வருடத்திலிருந்து சாட்சியில் நானும் வருகிறேன். "ஆண்டவர் அன்னைக்கு ஒரு கூறுகெட்ட எலக்ட்ரீசியனத் தெரிஞ்செடுத்தாரு!" என்று கையை நீட்டி என்னைக் காட்டுவார். சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். முன்வரிசையில் மெர்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். நான் எலக்ட்ரீசியன் இல்லை என்று சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிவார்.

"தம்பி, கூப்புடுத எடம் வருது. அந்த அடிச்சத்தத்தக் கொஞ்சம் கூட்டிவிடு."

கூட்டிவிடுகிறேன்.